பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்

1

மாதம் ஒரு தீர்ப்பை எடுத்து, வக்கீல் அல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதி நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வழக்கம். கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காடியவன், கனடாவுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. போன மாதம் குறிப்பு வரவில்லை. உடம்புக்கு என்ன என்று சின்னசேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டே கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டியிருந்த தீர்ப்பு என் வீட்டைத் தொட்டது. அதை இங்கே போட்டால் என் மனைவி சுமதியும் படிப்பாள், அவளும் குழுவில் இருக்கிறாள். அதனால் எழுதாமல் இருந்துவிட்டேன். பயம்தான், வேறு காரணம் ஒன்றுமில்லை.

இப்போது எழுதுகிறேன். சட்டம் பேசும்போது நான் கொஞ்சம் இழுப்பேன் என்பது உங்களுக்குப் பழக்கமானதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் யாழினிக்கு இந்தக் கோடையில் பதினெட்டு முடிந்தது. காலையில் சுமதி கேசரி கிண்டினாள். மாலையில் கேக் வெட்டி, படம் எடுத்து, எங்கள் வாயில் ஆளுக்கொரு துண்டை ஊட்டிவிட்டு மகள் தன் தோழிகளோடு கிளம்பிப் போய்விட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சுமதி கேட்டாள்.

"இன்னிலேர்ந்து ஒரு வருஷம், இல்ல?"

"ஆமா."

"மறந்துடாதீங்க. நீங்க மறப்பீங்க."

அந்த ஒரு வருடம் எது என்று சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடியுரிமையைப் பெற்றோர் விட்டுவிட்டால், அவர்களுடைய சிறு வயதுப் பிள்ளைகளுக்கும் அது போய்விடும். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் அந்தப் பிள்ளைகளுக்கு என்று ஒரு சலுகை இருக்கிறது. பதினெட்டு முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் "நான் திரும்பவும் இந்தியக் குடிமகள் ஆக விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் போதும், கொடுத்ததும் ஆகிவிடலாம். பத்தொன்பதாவது பிறந்தநாள் வந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. சுமதி எண்ண ஆரம்பித்தது அந்த வருடத்தைத்தான்.

2

ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிலை வந்தபோது நான் தயாராக இருந்தேன், சுமதி இல்லை. அவள் நைனார்பாளையத்துக்காரி. கரும்பும் மரவள்ளியும் போடுகிற வீட்டில் ஒரே பெண்ணாக வளர்ந்தவள். இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். ஓட்டுரிமை, பாஸ்போர்ட், பயண வசதி என்று நான் அடுக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நம்ம ரெண்டு பேருதும் போனா போவுது. நம்மளா தேடிக்கினு வந்தது. அவ இன்னா பண்ணா? ஒம்பது வயசு பொண்ணு. அவளுதை நாம எப்பிடிங்க எடுக்கறது?"

வக்கீலுக்கு இதைவிட வசதியான கேள்வி உண்டா? சட்டப் புத்தகத்தைத் திறந்து எட்டாம் பிரிவைக் காட்டினேன். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொல்லி, விரலால் வரியைத் தொட்டுக் காட்டினேன். "பதினெட்டு முடியட்டும். ஒரு மனு. அவ்வளவுதான். சட்டமே அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

உறுதிமொழி எடுக்கிற நாளில் எழுபது எண்பது பேர் இருந்த கூடத்தில் வலது கையைத் தூக்கி, ராணியாருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சுமதி சொன்னாள். மகளுக்கு வயது குறைவு என்பதால் அவள் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காகிதக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் இந்தியத் தூதரகத்தின் விண்ணப்ப மையத்துக்குப் போய் மூன்று பழைய பாஸ்போர்ட்டுகளையும் ஒப்படைத்தோம். குடியுரிமையைத் துறந்துவிட்டோம் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எட்டாம் பிரிவு துறப்பதைப் பற்றிய பிரிவு. ஆகவே நாங்கள் எட்டாம் பிரிவுக்குள் இருக்கிறோம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்தச் சான்றிதழைச் சுமதி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு என்னிடம் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கே தெரியாது. எல்லோருக்கும் அதே பதில்தான் சொன்னேன். நடுவில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இளைஞருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பெற்றோர் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் திரும்பி வருகிற உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. "கதவு திறந்தே இருக்கிறது" என்று தலைப்புப் போட்டு இதே குழுவில் நீளமாக எழுதினேன். நிறைய பேர் கை கூப்பினீர்கள்.

மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனதை நான் கவனிக்கவில்லை.

3

இங்கே நான் வக்கீல் இல்லை. டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சட்ட அலுவலகத்தில் ஆவணங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிற ஊழியன். முன் மேசையில் உட்காருகிற நாளில், வருகிறவர்கள் கேட்கிற கேள்விக்கு ஒரே பதிலை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்ல வேண்டும். "மன்னிக்கவும், சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை." சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்தை நம் ஊர் பிராது பாணியில், "ஆகவே பணிந்து பிரார்த்திக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். இது நகராட்சிக்கா, கோயிலுக்கா என்று மேலாளர் அம்மா கேட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பகல் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கெல்லாம் தாராளமாக ஆலோசனை வழங்குகிறவன் நான். நம் குழுவில் என்னைத் தடுக்க யாரும் இல்லை.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கள்ளக்குறிச்சியில் எனக்கு ஜூனியராக இருந்த முருகவேல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை அனுப்பினான். கூடவே ஒரு குரல் செய்தி. "அண்ணே, உங்க சப்ஜெக்ட்டு. அந்த வயித்துப் புள்ள கேஸ்ல கவர்மென்ட்டு ஜெயிச்சிடுச்சி. ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதிடுங்க, எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க."

மதிய உணவு இடைவேளையில் காரில் உட்கார்ந்து படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டத்தில் குடியுரிமை போவதற்கு இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. எட்டாம் பிரிவு, நீயாக எழுதிக் கொடுத்துத் துறப்பது. ஒன்பதாம் பிரிவு, நீயாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையை எடுத்த அந்தக் கணத்திலேயே, யாரையும் கேட்காமல், இந்தியக் குடியுரிமை தானாக விழுந்துவிடுவது. அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்பும் இதே கொள்கையைத்தான் சொல்கிறது. பிள்ளைகளுக்கான அந்த ஒரு வருடச் சலுகை எட்டாம் பிரிவில் மட்டும் இருக்கிறது, ஒன்பதில் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த பெற்றோர் ஒன்பதாம் பிரிவில் விழுந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எட்டாம் பிரிவின் சலுகையைக் கேட்க முடியாது. இதுதான் தீர்ப்பு.

வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வருவது ஒன்று, வெளியே கால் வைத்ததும் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொள்வது ஒன்று. நாங்கள் கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னபோதே பூட்டிவிட்டது. அடுத்த மாதம் விண்ணப்ப மையத்தில் போய் நாங்கள் துறந்தபோது, துறப்பதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. வரிசையை நான் கவனித்திருக்க வேண்டும். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதுதானே வழக்கில் முதலில் கேட்கிற கேள்வி. பன்னிரண்டு வருடம் சாட்சிகளிடம் நான் கேட்ட கேள்வியை என்னிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தீர்ப்பைத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை. மூன்று தடவை படித்தேன், ஓட்டை தேடித்தான் படித்தேன். சட்டத்தின் வார்த்தைகள் அப்படித்தான் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாமே என்று ஒரு தகப்பனாக எனக்குத் தோன்றலாம். ஆனால் அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். வக்கீலாகப் படித்தால் நான் சொன்னதுதான் தவறு.

4

இந்தத் தவறு எனக்குப் புதிதும் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் நீதிமன்றங்களில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சட்டச் சஞ்சிகை வந்தால் முழுத் தீர்ப்பையும் படிக்க மாட்டோம். மேலே நாலு வரியில் ஒரு சுருக்கம் போட்டிருப்பார்கள், அதைப் படித்துப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு ஓடுவோம். ஒரு நாளைக்கு எட்டு வழக்கு, நாலு வாய்தா, நகல் எடுக்க வரிசை, நடுவில் டீ. முழுவதும் படிக்க எங்கே நேரம்? அந்தத் தீர்ப்பு பிறகு மேலே போனதா, அங்கே நின்றதா, கவிழ்ந்ததா என்று பார்க்கிறவர்கள் ஒருவரோ இருவரோதான்.

கல்வராயன் மலையிலிருந்து அண்ணாமலை என்று ஒருவர் நில வழக்குக்காக என்னிடம் வந்தார். வெள்ளிமலைக்கும் மேலே அவர் ஊர். இடைக்காலத் தடை கேட்டு வாதாடினேன். கையில் ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன், அதைக் குரலை ஏற்றிப் படித்தேன். நீதிபதி அமைதியாகக் கேட்டுவிட்டு, "இந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கா வக்கீல் சார்?" என்று கேட்டார். அது ஆறு வருடத்துக்கு முன்பே ரத்தாகியிருந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தடை கிடைக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் மலைக்குப் போகிற வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது அண்ணாமலை கேட்டார். "சார், அது செத்துப்போச்சின்னு உங்களுக்கு யாரும் சொல்லி அனுப்ப மாட்டாங்களா?"

"இல்ல, நாமதான் பாத்துக்கணும்."

"அப்ப பாக்கலாம்ல சார்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது. அன்றைக்கு எடுத்த முடிவு, இனி ஒவ்வொரு தீர்ப்பையும் கடைசி வரி வரை படித்து, பின்னால் என்ன ஆனது என்று பார்த்துத்தான் வாயைத் திறப்பது. மற்றவர்கள் வழக்குகளில் அதை ஓரளவு கடைப்பிடித்தேன். சொந்த வீட்டு விஷயத்தில் எனக்குப் பிடித்த வரியைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

5

தீர்ப்பு வந்த வெள்ளிக்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷமீமா கூப்பிட்டாள்.

கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹமீது பாயின் மகள் அவள். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் சாலையில் இருப்பார். ஒரே பையன் ரியாஸ், பதினொரு வயது. ஷமீமாவும் ரியாஸும் கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். விண்ணப்பிக்கும் முன் ஹமீது பாயே எனக்குப் போன் செய்திருந்தார். "வக்கீல் சார், எங்களுக்கு பேப்பரு ரொம்ப முக்கியம். நாளைக்கி யாரும் ஒண்ணு கேக்கக் கூடாது. பேரனுக்கு ஒரு வழி இருக்குன்னு நீங்க சொன்னீங்கன்னா போதும்" என்றார். இருக்கிறது என்று சொன்னேன்.

"அண்ணா, தேதி வந்துடுச்சி," என்றாள் ஷமீமா. "அடுத்த வாரம் வியாழக்கிழம. அதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு. அந்தப் பதினெட்டு வயசு விஷயம் அப்பிடியே தானே கீது?"

இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "ம்" என்றேன்.

"சரிண்ணா. அத்தா நிம்மதியா தூங்குவாரு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்த "ம்" பற்றி நிறைய யோசித்தேன். சுமதி அப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டம் மாறிவிட்டது என்று ஷமீமாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சுமதிக்குக் கேட்டிருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக இன்னொரு குடும்பத்தைத் தானாகப் பூட்டிக்கொள்கிற அந்தக் கதவுக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு இது தெரிந்தே இருந்தது. வெளியே போய்க் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், காரில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், தீர்ப்பை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்லலாம், மறுசீராய்வு ஏதாவது வருகிறதா பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வாய்தா வாங்கியே பிழைத்த புத்தி, வேறென்ன.

அந்த நாட்களில் அலுவலகத்தில் ஒரு பெண்மணியிடம், "மன்னிக்கவும், சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவர் பயந்துபோய், பரவாயில்லை, பரவாயில்லை என்றார். வீட்டில் சுமதி ஏதாவது காகிதத்தைக் கையில் எடுத்தாலே எழுந்து வேறு அறைக்குப் போனேன். குழுவில் முருகவேல் நினைவூட்டினான். "வேலை ஜாஸ்தி, அடுத்த மாதம்" என்று போட்டேன். ஷமீமா வீட்டு அழைப்பா என்று மணி அடிக்கும்போதெல்லாம் பார்த்தேன். அவள் கூப்பிடவே இல்லை. என் "ம்" அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

6

அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது, சமையலறை மேசையில் நாலு புகைப்படம், அச்செடுத்த ஒரு படிவம், எங்கள் பழைய சான்றிதழ் எல்லாவற்றையும் சுமதி வரிசையாக வைத்திருந்தாள். படிவத்தில் மகளின் பெயரைப் பென்சிலில் எழுதியிருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"சனிக்கிழம போயிடலாமா? ஒரு வருஷம் கீதுன்னு நெனச்சிக்கினே இருந்தா ஓடிடும்," என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அது முடியாது சுமதி."

"சனிக்கிழம லீவா?"

"அந்த மனுவே முடியாது. சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சி. நான் சொன்னது தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு, ஒன்பது, வரிசை, உறுதிமொழி, ஷமீமாவுக்கு வந்திருக்கும் தேதி. அவள் அடுப்பைக் குறைத்தாள். நான் முடித்த பிறகு கேட்டாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பதினோரு நாளாச்சி."

"ஷமீமா போனு பண்ணது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வரிசையை இவள் கேட்டுவிட்டாள். "பின்னாடி," என்றேன்.

சுமதி மேசையில் இருந்த என் கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "மொதல்ல அவகிட்ட பேசுங்க. வியாழக்கிழம தானே அவளுக்கு? நம்மளுது அப்பறம் பேசிக்கலாம்."

கூப்பிட்டேன். ஷமீமா பேருந்தில் இருந்தாள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, நேராகச் சொன்னேன் என்பது மட்டும் தெரியும். வியாழக்கிழமை நீ உறுதிமொழி எடுத்தால், ரியாஸ் பதினெட்டு வயதில் ஒரு மனுப் போட்டுத் திரும்ப வருவதற்கு வழி இல்லை. நான் முன்பு சொன்னது தவறு. போன தடவை நீ கேட்டபோதே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பேருந்துச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள்.

"அப்ப இன்னாண்ணா பண்றது? மொதல்ல இந்தியாவுதை எழுதிக் குடுத்துட்டு, அப்பறமா இங்க சத்தியம் பண்ணா ஆவாதா?"

நல்ல கேள்வி. பழைய ஆளாக இருந்தால் உடனே ஒரு பதில் சொல்லியிருப்பேன். "தெரியலம்மா. நடுவுல கொஞ்ச நாளு நீ எந்த நாட்டுக்காரியும் இல்லாம நிப்ப. அதப் பத்தி எந்தத் தீர்ப்பும் நான் பாக்கல. இந்தியாவுல ஒரு நல்ல வக்கீலப் பாத்துக் கேளு. எனக்குத் தெரியல."

"தேதிய மாத்தித் தருவாங்களா?"

"வர முடியலன்னு காரணத்தோட எழுது. வேற தேதி குடுப்பாங்க."

"சரி, எழுதறேன். இவரு வரட்டும், பேசிக்கினு முடிவு பண்றோம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணா, உங்க பொண்ணுக்கும் அதே தானா?"

"ஆமா."

"அப்ப அக்கா எப்பிடி கீறாங்க?"

எதிரே நின்றுகொண்டிருந்த சுமதியைப் பார்த்தேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதுவரை எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை ஹமீது பாயிடமிருந்து செய்தி வந்தது. முன்கூட்டியே சொல்லிக் காப்பாற்றியதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். ஷமீமா அவரிடம் முழுதும் சொல்லவில்லை. ஒன்பது நாள் தாமதமாகத்தான் சொன்னேன் பாய், மன்னியுங்கள் என்று பதில் போட்டேன். நீல நிறக் குறி விழுந்தது, பதில் இன்னும் வரவில்லை. இந்தக் குறிப்பை அவரும் படிப்பார்.

7

அந்தச் செவ்வாய் மாலை நான் போனை வைத்த பிறகு சுமதி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு சட்டம் தெரியாது," என்றாள். "நீங்க அன்னிக்கு பொஸ்தகத்தக் காட்டுனீங்க, எனக்கு ஒண்ணும் புரியல. உங்கள நம்பிதான் கைய தூக்குனேன். தப்பா சொன்னதுகூட போவுது. தெரிஞ்சப்பறம் பதினோரு நாளு என்கூட உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்தீங்க பாருங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதமே சரியில்லை. நடுவில் அப்போதைய சட்ட நிலை, உயர் நீதிமன்றம், பல பேர் அப்படித்தான் படித்தார்கள் என்றெல்லாம் சேர்த்துவிட்டேன். அவள் எழுந்து புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

அப்போதுதான் யாழினி படியில் நிற்பதைப் பார்த்தோம். கல்லூரியிலிருந்து வந்து எப்போது மேலே போனாள், எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. காலில் காலுறையோடு இறங்கி வந்து மேசையில் இருந்த படிவத்தை எடுத்தாள். பென்சிலில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

இவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவள் எங்களிடம் தமிழில் பேசுவாள். அம்மாவிடம் மட்டும் கேட்டு வளர்ந்த தமிழ் என்பதால் அப்படியே நைனார்பாளையம் பேச்சு. ஆனால் "எங்க ஊர்" என்று சொன்னால் அது இந்த ஊர்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நைனார்பாளையம் போவோம். மூன்றாம் நாளே திரும்புகிற தேதியைக் கேட்பாள். இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று நாங்களே பெருமையாகவும் சொல்வோம், வருத்தமாகவும் சொல்வோம். கேட்கிற ஆளைப் பொறுத்தது.

"ஜூன்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும் இதப் பத்தியே பேசிக்கினு இருக்கீங்க," என்றாள். "எனக்கு அர்ஜென்ட்டா ஒரு ஃபார்ம், எனக்கு ஒரு வருஷம், எனக்கு போட்டோ. என்கிட்ட ஒரு தடவ கூட கேக்கல."

"உனக்காகத்தாண்டி," என்றாள் சுமதி.

"தெரியும்மா."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

யாழினி யோசித்தாள். பொய் சொல்ல விரும்பாதபோது அவள் இப்படித்தான் நேரம் எடுத்துக்கொள்வாள். "தெரியல. வேணாம்னு கூட சொல்லியிருப்பேன். ஆனா நான் சொல்லியிருப்பேன்."

சுமதி அவளையே பார்த்தாள். அந்தப் பிரிவை எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். குழந்தை விரும்பினால், குழந்தை எழுதிக் கொடுத்தால் என்றுதான் அதில் இருக்கிறது. பெற்றோர் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. எதை இழந்துவிட்டோம் என்று நாங்கள் இரண்டு பேரும் வருந்திக்கொண்டிருந்தோமோ, அது எங்களுடைய பொருளே அல்ல.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. "இன்னொரு வழி இருக்கும்மா," என்று ஆரம்பித்தேன். "அதே சட்டத்துல ஐந்தாம் பிரிவு. நீ ஒரு வருஷம் அங்க போய் இருந்தா, அப்பறம் மனுப் போட்டா, கவர்மென்ட்டு சரின்னு சொன்னா, அதாவது அப்பாவோ அம்மாவோ முன்னாடி அங்க குடிமக்களா இருந்திருந்தா..."

"ப்பா."

நிறுத்தினேன்.

"நம்பர மட்டும் எழுதிக் குடுங்க. நானே படிச்சிக்கறேன்."

படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தை என் முன்னால் வைத்தாள். சட்டத்தின் பெயரையும் பிரிவின் எண்ணையும் எழுதினேன். கீழே ஒரு வரி விளக்கம் எழுதப் பேனா தானாக இறங்கியது. பேனாவை மூடிவிட்டுப் படிவத்தை அவளிடம் கொடுத்தேன்.